காமா கேமரா அண்ணாச்சி

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் எக்ஸ்ரே கவரோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற வேலை அவருக்கு. திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவார். ஞாயிறு ஒரு நாள்தான் தெருவுக்குக் கிடைப்பார்.

வந்தவர்களை உட்காரச் சொல்லுவார். காப்பி வரும். பேச்சு ஆரம்பித்தால் நிற்காது. எந்த பஸ் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும், ராஜபாளையத்தில் எந்த மில்லில் ஷிப்ட் நேரத்தை மாற்றிவிட்டார்கள், தேவதானத்துக் கண்மாய் நிறைந்ததா இல்லையா, எல்லாம் அவருக்குத் தெரியும். கவரை மட்டும் பிரிக்க மாட்டார். இரண்டு கையாலும் வாங்கி, மேலே எழுதியிருக்கிற பெயரைப் படித்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொடுப்பார்.

“டாக்டர் சொல்லுவாரு.”

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய், தன் அம்மாவின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து ஒருமுறை சண்டையே போட்டுவிட்டார்.

“கடுதாசி வாசிக்கத் தெரிஞ்சவர்ட்ட ஒரு கடுதாசியக் கொடுத்தா வாசிச்சுச் சொல்ல மாட்டாரா? இது என்ன அண்ணாச்சி, தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருக்கிறது?”

“நான் எழுதிக் கொடுக்கிறவன் பாய். வாசிக்கிறது டாக்டரு.”

“உங்களுக்கு வாசிக்கத் தெரியாதாக்கும்?”

“அம்மா சோறு நல்லாச் சாப்பிடுதாவளா?” என்று கேட்டார் அவர். பாய் காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

வாசிக்கத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அத்தனை வருடம் படம் எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால்தான் அவர் சும்மா இருப்பது ஆட்களை அப்படிப் படுத்தியது. நானும் அந்த அவதியைப் பட்டவள்தான்.

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்தபோது கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தேன். துணியைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கை கழுத்துக்குப் போய்விடும். கட்டி வலிக்காது. உருட்டினால் ரப்பர் மாதிரி நகரும். சாயங்காலமானால் காய்ச்சல். விடிந்து பார்த்தால் தலையணை வேர்வையில் ஊறியிருக்கும். டி.பி.யாக இருக்கும் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான்கு மாதம் தின்றேன். கட்டி இரண்டாயிற்று.

மதுரைக்குப் போனோம். கட்டியை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா என்றார் அங்கிருந்த டாக்டர். நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோய், நெஞ்சுக்குள்ளும் ஒன்று பெரிதாக இருக்கிறது, ஆனால் இது மருந்துக்குக் கேட்கிற வகை என்றார். அப்பாவுக்குக் கடைசியில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அம்மாவுக்கு முதலில் சொன்னது மட்டும்.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஊர் திரும்புகிற பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும் அம்மா அவரிடம் சொன்னாள்.

“தெருவுல டைபாய்டுன்னு சொல்லிக்கிடுவோம். டைபாய்டுலயும் முடி கொட்டும்.”

மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் அதற்குள் யோசித்து முடித்திருந்தாள்.

மருந்து தொடங்குவதற்கு முன்னால் காலியம் ஸ்கேன் என்று ஒன்று எடுக்கச் சொன்னார்கள். கையில் ஒரு ஊசி. அந்த மருந்து உடம்பெல்லாம் ஓடி, உயிரோடிருக்கிற கட்டியில் போய்த் தங்குமாம். மூன்று நாள் கழித்துக் காமா கேமரா என்ற இயந்திரத்துக்கு அடியில் படுத்தால், தங்கின இடம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். மருந்து பம்பாயிலிருந்து வரவேண்டும். வந்த நிமிடத்திலிருந்து தானாகவே வீரியம் குறைந்துகொண்டே போகும். அதனால் சொன்ன நாளில் வந்தே ஆகவேண்டும் என்றார்கள்.

ஒரு நீண்ட நடையின் கோடியில் அந்த அறை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி.

அவர் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியும். இந்த அறையில் இருப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம்ட்டி. வா, வீட்டுக்குப் போவோம்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளில் என் பெயரை முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி வாசித்தார். வயது கேட்டார். ஊர் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்,” என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். சனிக்கிழமை அவரே படம் எடுத்தார். அடுத்த நாள் காலையில் அம்மா தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். போகமாட்டேன் என்று அரைமணி நேரம் அடம்பிடித்துவிட்டுத்தான் போனாள். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு நடுக்கம். குழாயடியில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம்.

“பிள்ளைக்கு டைபாய்டு தேவலையா அக்கா? காரம் கொடுத்துராதீங்க,” என்றாராம் மதினி.

அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். “பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை,” என்றாள். நோய் தெரிந்த பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான்.

ஆறு மாதம் ஊசி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரை. ரத்தச் சிவப்பில் ஒரு மருந்து உண்டு. அது நரம்பில் ஏறும்போது நாக்கில் இரும்புச் சுவை வரும். நாலாவது தடவையிலிருந்து பஸ் திருமங்கலம் நெருங்கினாலே எனக்கு வாந்தி வந்துவிடும். முடி போயிற்று. கழுத்துக் கட்டிகள் இரண்டாம் மாதமே கரைந்துவிட்டன. ஆனால் கடைசியில் எடுத்த சி.டி. படத்தில் நெஞ்சுக்குள் இருந்தது போகவில்லை. சுருங்கி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு நின்றது.

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“கட்டி இருக்குன்னு இந்தப் படம் காட்டும். அது உயிரோட இருக்கா, செத்துப்போன வெறும் தழும்பான்னு இதுக்குத் தெரியாது. மறுபடி காலியம் போட்டுப் பார்த்திருவோம். பிடிக்கலைன்னா தழும்பு. பிடிச்சா...” மேஜைமேல் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார். “பிடிச்சா வேற மருந்து இருக்கு. இதைவிடக் கடுமையா இருக்கும். பார்ப்போம்.”

புதன்கிழமை ஊசி. வெள்ளிக்கிழமை பேதி மாத்திரை, குடலில் தங்கின மருந்து கட்டி மாதிரி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. சனிக்கிழமை மறுபடியும் அந்த அறை.

குளிர். நடுவில் ஒரு ஒடுக்கமான படுக்கை. அதற்கு மேலே ஆட்டுக்கல் பருமனில் வட்டமான தலையோடு கேமரா. அது இறங்கி வந்து நெஞ்சுக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் நிற்கும். ஒரு படத்துக்குக் கால்மணி நேரம் அசையாமல் கிடக்கவேண்டும். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவர் முகமும், மூக்குக்கண்ணாடியில் மினுங்கிய வெள்ளைப் புள்ளிகளும்தான். பிலிமில் கறுப்பாக விழுவது திரையில் வெள்ளையாக மினுங்கும். அந்தப் புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று அவர் கண்ணாடியிலேயே படிக்கப் பார்த்தேன்.

நான் அசையாமல் இருப்பதற்காக அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கல்லுப்பட்டியில் டீ குடிக்க இறங்கிய கண்டக்டரை விட்டுவிட்டு பஸ் கிளம்பிப் போன கதை. வயிற்றுப் பக்கம் எடுக்கும்போது ஆரம்பித்தார். கேமரா நெஞ்சுக்கு வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார் என்கிற இடத்தில் பேச்சு நின்றுபோயிற்று.

எழுந்து வந்தார். கேமராவைச் சாய்த்து, என் தோளை லேசாகத் திருப்பினார்.

“பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துக்கிடுவோம்.”

“ஏன் அண்ணாச்சி?”

“நீ அசைஞ்சிட்ட தாயி.”

நான் அசையவில்லை. மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தேன். போன தடவை பக்கவாட்டில் எடுக்கவும் இல்லை. பஸ் கதையையும் அவர் முடிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவரும் நாங்களும் ஒரே பஸ். அவரும் அப்பாவும் முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசிக்கொண்டே வந்தார். அம்மா என் காதருகில் குனிந்தாள்.

“சிரிக்காரு, பாத்தியா?”

“சிரிக்காரும்மா.”

“அப்ப நல்ல சேதிதான்.”

கல்லுப்பட்டியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

“டீ குடிக்கப் போகலையேட்டி. எப்பவும் போவாராம்லா.”

டாக்டர் வரச் சொன்னது செவ்வாய்க்கிழமை. நடுவில் ஞாயிறும் திங்களும். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஆறு வீடு. ஜன்னலில் உட்கார்ந்தால் அவர் வீட்டு நடை தெரியும். ஞாயிறு காலையில் முகச்சவரம் செய்துகொண்டார். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வந்தார்.

“கறி வாங்கிட்டுப் போறாரு,” என்றாள் அம்மா. “சேதி கெட்டதா இருந்தா கறி எடுப்பாரா?”

“அவரு வீட்டுக்கு அவரு கறி எடுக்காரு,” என்றார் அப்பா.

ஆனால் அப்பாவுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணி வாக்கில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் நடையிலேயே நின்றோம்.

“என்ன சொன்னாரு?”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “தேவதானத்துல இந்தத் தடவை நெல்லு நல்லா விளைஞ்சிருக்காம்.”

அந்த ஞாயிறு முழுக்க நான் நினைத்ததைச் சொன்னால் வெட்கமாக இருக்கும். ஆறு வீடு தள்ளி ஒரு மனிதரின் தலைக்குள் என் உயிர் இருக்கிறது. அவர் அதோடு குளிக்கிறார், சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார். எனக்குச் சொந்தமான ஒன்றை அவர் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார். எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது. இரண்டு முறை செருப்பைப் போட்டேன். இரண்டு முறையும் கழற்றிவிட்டேன். கேட்டு, அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் மாட்டினார். பக்கத்தில் பழைய பிலிம். அதில் நெஞ்சின் நடுவில் ஒரு கைமுட்டி அளவுக்கு மை கொட்டினாற்போல் கறுப்பு. புதிதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“பிடிக்கலை,” என்றார் டாக்டர்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “ஏன் சார், படம் சரியா வரலையா? மறுபடி எடுக்கணுமா?”

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “உட்காருங்கம்மா. மருந்து பிடிக்கலைன்னு சொன்னேன். உள்ள இருக்கிறது வெறும் தழும்பு. உங்க பொண்ணு நல்லா இருக்கா.”

வெளியே வந்து நடையில் போகும்போது அண்ணாச்சி தன் அறைக் கதவருகில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

“டாக்டர் சொன்னாரா?” என்றார்.

“சொன்னாரு.”

“ம்.” கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த பஸ்ஸு அழகாபுரி வரைக்கும் போயிருச்சு தாயி. யாரும் டிக்கெட்டு கேக்கலையேன்னு ஒரு கிழவிதான் கண்டுபிடிச்சா,” என்றார்.

பக்கவாட்டில் எதற்கு எடுத்தீர்கள் என்று பின்னாளில் இரண்டொரு முறை கேட்டிருக்கிறேன். நீ அசைந்துவிட்டாய் என்றுதான் சொல்லுவார்.

ஒன்றரை வருடம் போயிற்று. முடி வளர்ந்து பின்னல் போடும் அளவுக்கு வந்துவிட்டது. மறுபடி வேலைக்குப் போனேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நூல் மில்லில் ஃபிட்டர். பார்க்க நன்றாக இருந்தார். நோயைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றாள் அம்மா.

“நல்லாயிட்டதைப் பத்தி என்னத்துக்குப் பேசணும்?”

நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக அண்ணாச்சி வீட்டுக்கே போய்விட்டார். அடுப்படியில் இருந்த மதினி கேட்டு, பிறகு அம்மாவிடம் சொன்னது இது.

“அந்த வீட்டுப் பிள்ளை உங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாமே, மெய்யா?”

“யாரு வாரா, யாரு போறான்னு நான் பேசுறதில்லை.”

“வரலைன்னா வரலைன்னு சொல்லிருங்க. எங்களுக்கு அது போதும்.”

“வந்தாலும் பேசுறதில்லை, வராட்டாலும் பேசுறதில்லை. காப்பி சாப்பிடுங்க.”

தாய்மாமா காப்பி சாப்பிடவில்லை. அடுத்த வாரம் ஜாதகம் சேரவில்லை என்று சேதி வந்தது.

அம்மா அவர் வீட்டு நடையில் போய் நின்றாள். தெருவே கேட்டது. “இல்லைன்னு ஒரு வார்த்தை. உங்க வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வந்திருந்தா எம்பிள்ளை வாழ்ந்திருக்கும்லா. சத்தியத்துக்கு வேற ஆளு கிடைக்கலையா உங்களுக்கு?” அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னால் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து இரண்டு வருடம் அம்மா அந்த வீட்டோடு பேசவில்லை. அவள் போட்ட கூச்சலில், அதுவரை தெரியாதவர்களுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று.

நான் அவரை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். ஏதோ வேலையாக வந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதா அண்ணாச்சி?”

“தெரியும் தாயி.”

“பொறவு?”

இரண்டு பஸ் வந்து போயின.

“உனக்கு இல்லைன்னு சொல்லிருதேன். நாளைக்கு இன்னொரு பிள்ளையப் பத்திக் கேக்க வாராக. அதுக்கும் இல்லைன்னு சொல்லணும். ஒரு இடத்துல சும்மா இருந்தேன்னா, சும்மா இருந்ததே ஆமான்னு ஆயிரும்லா. அதுக்கு, எல்லாருக்கும் ஒண்ணுபோல வாயை மூடிக்கிட்டிருக்கதுதான் சரி.”

“அந்த இன்னொரு பிள்ளை யாரு?”

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லமாட்டார் என்று கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. உங்களுக்கு நியாயம், எனக்குத்தானே நட்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் தனியாக ஏறிப் போனேன். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே போவேன். இந்த வீட்டிலா, அந்த வீட்டிலா? எனக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி, எனக்குத் தெரியாமல், அதே படுக்கையில் மூச்சை அளந்துவிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாளோ? கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். இந்த முறை நானே சொல்லிவிட்டேன், சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே. கட்டி, ஊசி, நெஞ்சுக்குள் கிடக்கும் தழும்பு, எல்லாம். அவர் ஒரு வாரம் டயம் கேட்டார். எட்டாம் நாள் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு அண்ணாச்சியும் மதினியும் வந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பந்தியில் தானே பரிமாறினாள். பேசவில்லை. ஆனால் இரண்டு முறை பாயசம் ஊற்றினாள்.

மதினிக்கு நோய் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அதுவும் லிம்போமாதான். வகை வேறு. என்னுடையதைப் போல மருந்துக்குச் சீக்கிரம் கேட்கிற வகை இல்லை என்றார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அதற்குள் பேசத் தொடங்கியிருந்த அம்மா, தினமும் கஞ்சி வைத்து ஆறு வீடு தாண்டி எடுத்துக்கொண்டு போவாள். ஊசி போடப்போகும் நாட்களில் நானும் இரண்டு மூன்று முறை மதுரைக்குத் துணைக்குப் போனேன். சிவப்பு மருந்து ஏறும்போது மதினியின் கையைப் பிடித்துக்கொள்வேன். “இரும்பு ருசி வருதுட்டி,” என்பார். வரும் மதினி என்பேன்.

ஊசிகள் முடிந்து காலியம் எடுக்கவேண்டிய நாள் வந்தது. புதன்கிழமை மருந்து போட்டாயிற்று. அந்தப் பிரிவில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் அந்த வாரம் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். உடம்புக்குள் போன மருந்து யாருக்காகவும் காத்திருக்காது. சனிக்கிழமை தன் மனைவியைத் தானே அந்தப் படுக்கையில் படுக்கவைத்து, அண்ணாச்சியே படம் எடுத்தார். சாயங்காலம் இருவரும் வழக்கமான பஸ்ஸில் ஊருக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கறி வாங்கப் போனார். வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். அந்த வாரம் மட்டும் திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மனைவியோடு கிளம்பினார். டாக்டர் பிலிமை மாட்டிக் காட்டினார். நெஞ்சிலும் வயிற்றிலும் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் நான் மதினியைப் பார்க்கப் போனேன். மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தார். எனக்குப் பழைய கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா மதினி? மூணு நாளு கூடவே இருந்துக்கிட்டு...”

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சொல்ல வந்தாருட்டி. திருமங்கலத்துல இருந்து என் முகத்தையே பாத்துக்கிட்டு வாராரு. தொண்டையைச் செருமுதாரு. ரெண்டு தடவை என் பேரைச் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருசம் ஒருத்தர்ட்டயும் சொல்லாத மனுசன், எங்கிட்டச் சொல்லி, பஸ்ஸுக்குள்ள வச்சு உடைஞ்சு போனாருன்னா நான் என்ன செய்வேன்? அவரைத் தூக்கி நிறுத்த எங்கிட்ட அப்ப தெம்பு இல்லை. அதான் அவரு தோள்ல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டேன்.”

“தூங்குத மாதிரியா?”

“தூங்குத மாதிரி. கழுத்து வலி உயிரு போச்சு. கிருஷ்ணன்கோவில் வரைக்கும் அசையலை.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவர்ட்டச் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

மதினி அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். கடுமையான மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

பதினைந்து இருபது நாளில் அண்ணாச்சி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். வீட்டில் இருந்து என்ன செய்ய என்றார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கவர்களோடு ஆட்கள் நிற்பது கொஞ்ச நாள் இல்லாமலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. அவர் முன்போலவே பெயரை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காப்பி போட ஆள் இல்லாததால் எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்தார்.

அடுத்த வருடம் நான் வழக்கமான சோதனைக்கு மதுரை போனது ஒரு சனிக்கிழமை. திரும்பும்போது அவரும் அதே பஸ்ஸில் இருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். திருமங்கலம் வரை வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தார். ஊர் தாண்டியதும் பேச்சு குறைந்தது. நான் கேட்காமல் அவராகவே ஆரம்பித்தார்.

“ஒரே ஒரு தடவை சொல்லணும்னு நினைச்சேன் தாயி. இதே பஸ்ஸுலதான். உங்க மதினிகிட்ட.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கிழமை வரைக்கும் வேணாம், டாக்டர் வாயால வேணாம், நானே சொல்லிருவோம்னு நினைச்சேன். எப்படிச் சொல்லணும்னு வார்த்தையெல்லாம் கூட்டி வச்சிருந்தேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். அவ அசந்து என் தோள்ல சாஞ்சிட்டா. அம்புட்டு அலுப்பு அவளுக்கு.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “எழுப்பிச் சொல்லுத சேதியா அது?”

பஸ் கல்லுப்பட்டிக்குள் திரும்பியது. என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் மதினி எவ்வளவு பெரிய மனுஷி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதோடு, அவ்வளவு தூரமும் மதினி விழித்துக்கொண்டு தனியாக இருந்தார் என்பதும் தெரிந்திருக்கும்.

“நல்லாத் தூங்கினாவளா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“நல்லாத் தூங்கினா தாயி,” என்றார். “கிருஷ்ணன்கோவில் வந்துதான் முழிச்சா.”